மூன்று புள்ளிக்குள் ஓடும் குழாய்

மிருதுளா சிரிக்க மறுத்துவிட்டாள். காலையிலிருந்து இது ஏழாவது முறை.

பீளமேட்டுக் கதைப்பதிவு நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பதினெட்டாம் அத்தியாயத்துப் படுக்கையறையில் சூரியனும் ஏழு தடவை உதித்துவிட்டது. புத்தகத்தின்படி அவள் ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வர வேண்டும்; தூங்கும் கணவன் ருத்ரேஷைப் பார்த்து நாணத்தோடு சிரிக்க வேண்டும். அவளோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன கொழுப்பு பாரு இவளுக்கு! நான் எழுதின புள்ள, என்கிட்டயேவா?” என்றார் எழுத்தாளர் ரங்கநாயகி. வயது அறுபத்தாறு. நூற்றுப் பன்னிரண்டு காதல் நாவல்களைப் பெற்றவர்.

வாசகர் கதையைப் படிப்பதை விட்டு, கதைக்குள்ளேயே நடந்துபோய்ப் பார்க்கும் காலம் அது. அதற்கு ஊடுகதை என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் பொம்மைகளாக இருந்தால் யார் போவார்கள்? அதனால் மனவார்ப்பி என்ற பொறி கதையைப் படித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மனத்தையே செய்து வைத்தது. மனம் வந்ததும் பின்னாலேயே சட்டம் வந்தது: பாத்திரம் இசையாத அந்தரங்கக் காட்சி எதையும் வெளியிடக் கூடாது. அதை அளக்க இசைவுமானி. முகத்தையும் பேச்சையும் அளந்து பச்சை விளக்கைக் காட்டினால் கதை வெளியே போகலாம். சிவப்பு என்றால் பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான்.

இப்போது சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

ரங்கநாயகி இந்தக் கதையை இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இணையத்தில் வாரத் தொடராக எழுதினார். பதினோராம் அத்தியாயத்தில் ருத்ரேஷ், கோயிலில் அவள் கையை முறுக்கிப் பிடித்துத் தாலி கட்டுவான். தாலி ஏறிவிட்டதே, இனி என்ன என்று எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். பதினேழின் கடைசி வரி: ‘அவன் விளக்கை அணைத்தான்...’ அந்த மூன்று புள்ளிகளோடு அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் அவள் சிரித்தாள். கருத்துப்பெட்டி முழுக்க இதயங்கள். ஆம்பளைன்னா இவன்தான்டி என்று எழுதாத பெண்ணே இல்லை.

“மேடம், அந்தப் புள்ளிகள்லதான் பிரச்சினை,” என்றாள் பொறியாளர் ஜெனிதா. “நாம ராத்திரியைத் தாண்டிப் போயிடலாம். மனசு தாண்டாது. அவளுக்கு நேத்து ராத்திரி ஞாபகம் இருக்கணும்ல? அதனால மனவார்ப்பி அந்த மூணு புள்ளியையும் தானே நிரப்பிக்கிச்சு.”

“என்னத்த வெச்சு நிரப்புச்சு?”

“நான் பாக்கலை. பாக்கவும் மாட்டேன். காலையில அவ செய்யறதைப் பாத்தாலே போதும்.”

ரங்கநாயகி ஒலிவாங்கியை வெடுக்கென்று இழுத்தார். “மிருதுளா! நான்தான் பேசறேன், உன்னை எழுதினவ. வெளிய வா கண்ணு.”

“வர மாட்டேன்,” என்றது குரல். “அவர் எந்திரிச்சிருவாரு.”

“அவன் உன்மேல உசுரையே வெச்சிருக்கான்டி. இருபதாம் அத்தியாயத்துல உனக்காக அழுவான், பாரு.”

“அது இருபதுலங்க. நான் பதினெட்டுல நிக்கறேன்.” குழாயை இன்னும் திருகும் சத்தம் கேட்டது. “குழாயைத் தொறந்துவிட்டுட்டு நிக்கறேன்மா. சத்தம் வெளிய கேக்காம இருக்கணும்ல.”

ரங்கநாயகியின் கை ஒலிவாங்கியிலிருந்து நழுவியது. இதே வாக்கியத்தை அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். ஒன்பது வருடங்களுக்கு முன், கல்யாணமாகி நாற்பதாவது நாள், மகள் சுபாஷிணி திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். சமையலறையில் நின்றபடியே இதைச் சொன்னாள். ரங்கநாயகி அவளுக்குக் காபி கலந்து கொடுத்தார். “எல்லா வீட்லயும் நடக்கறதுதான் கண்ணு, போகப்போகச் சரியாயிரும்,” என்றார். மத்தியானமே மாப்பிள்ளை வந்து கூட்டிப்போய்விட்டார். அன்றிலிருந்து சுபாஷிணி வாரம் தவறாமல் அம்மாவிடம் பேசுகிறாள். சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். சரியாகிவிட்டது என்று ரங்கநாயகி நம்பிக்கொண்டிருந்தார்.

“இந்தக் குழாய் எங்கிருந்து வந்துச்சு?” என்று ஜெனிதாவைக் கேட்டார். “நான் எழுதலையே. யாரு சொன்னா இதுக்கு? எம்பொண்ணு ஏதாச்சும்...”

“உங்க பொண்ணா?” ஜெனிதா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரையைத் தடவினாள். “தனியா யாரும் சொல்லலை மேடம். கதைல எழுதாததை, பொறி நிஜ மனுஷங்க சொன்னதுலருந்து எடுத்துக்கும். வாக்குமூலம், டாக்டர்கிட்ட சொன்னது, பேர் போடாம எழுதின கடிதம். இப்படி ராத்திரிக்கு மறுநாள் காலையில என்ன செஞ்சாங்கன்னு தேடியிருக்கு. அதிகமா வந்த பதில் இதுதான்.”

“எத்தனை பேரு?”

“பட்டியல் ஓடிக்கிட்டே இருக்கு. வேண்டாம், விடுங்க மேடம்.”

ரங்கநாயகி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவருக்கு வெறி வந்துவிட்டது. எழுத்தாளருக்கு என்று ஒரு சாவி உண்டு; அதைத் திருகிவிட்டு எதை எழுதினாலும் பாத்திரம் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். திருகினார்.

“மேடம், வேண்டாம்.”

“சும்மா இரு அம்மிணி. அவ சிரிச்சவதான். நான் எழுதினேன், எனக்குத் தெரியாதா?”

‘மிருதுளா வெளியே வந்தாள். அவள் மனம் நிறைந்திருந்தது. சிரித்தாள்.’

கதவு திறந்தது. ஈரத்தலையோடு மிருதுளா வந்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு, அட்டைப்படத்தில் போடலாம். இசைவுமானி தயங்கக்கூட இல்லை. பச்சை எரிந்தது.

ஆனால் அவளுக்குப் பின்னால், ஆளில்லாத குளியலறையில், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“இன்னும் ஏன் ஓடுது?”

“நீங்க சிரிப்பைத்தானே எழுதினீங்க. குழாயை மூடச் சொல்லலையே.” ஜெனிதா வெளியீட்டு ஒப்பந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். “பச்சை வந்துருச்சு. சட்டப்படி நீங்க கையெழுத்துப் போடலாம். நாற்பது லட்சம் பேர் உள்ள வரக் காத்துட்டிருக்காங்க.”

ரங்கநாயகி பேனாவை எடுத்தார். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பேனாவை வைத்துவிட்டு இன்னொரு வரி எழுதினார்: ‘குழாயை மூடினாள்.’

மிருதுளா சிரித்த முகத்தோடு திரும்பிப் போய் மூடினாள்.

தண்ணீர் நின்றது. அதுவரை தண்ணீர் மறைத்து வைத்திருந்தது இப்போது தெளிவாகக் கேட்டது. உதடு சிரித்தபடி இருக்க, தொண்டைக்குள்ளிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. மானி அப்போதும் பச்சையாகவே இருந்தது.

ஜெனிதா காதைப் பொத்திக்கொண்டாள். ரங்கநாயகி ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்தார். சாவியைப் பின்னோக்கித் திருகி, தான் எழுதிய வரிகளை அழித்தார். “பாவி, பாவி,” என்று தன்னையே திட்டிக்கொண்டார். மிருதுளா மறுபடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ரங்கநாயகி வராந்தாவுக்கு வந்து கைப்பேசியை எடுத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. அவரும் மகளும் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வெகுநேரம் மணி அடித்தபின்தான் எடுத்தாள்.

“என்னம்மா அதிசயமா இன்னிக்கு?” சுபாஷிணி கலகலவென்று சிரித்தாள். “நான் நல்லா இருக்கேன்மா. அவரும் வீட்லதான் இருக்காரு. நீ சாப்டியா?”

சிரிப்புக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது ஓடியிருக்கிறது. பாத்திரம் கழுவுகிறாள் என்று ரங்கநாயகி நினைத்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு, அந்தக் குழாயை மூடு.”

“எதுக்கும்மா?” சிரிப்பு பாதியில் நின்றது.

“மூடு சாமி. அன்னிக்கு நான் கேக்கலை. இப்பக் கேக்கறேன்.”

மறுமுனையில் குழாய் திருகும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. ரங்கநாயகி கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, படியிறங்கித் திருப்பூர் பஸ்ஸுக்கு நடந்தார்.