தாவூது கொடுத்த இளநீர்

காலை ஏழு மணி. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே சின்னப்பன் கூடைகளின் மேல் சரிந்தார். கையிலிருந்த இளநீர் உருண்டோடியது. அதை வெட்டிக் கொடுத்தவர் தாவூது, அவருடைய பால்ய சிநேகிதர். வரப்புத் தகராறில் ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.

"விஷம் வெச்சுட்டான்" என்று சின்னப்பனின் மைத்துனர் விக்டர் புகார் கொடுத்தார். மதியத்துக்குள் தாவூது காவல் நிலைய பெஞ்சில் இருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் கலைமணி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கு, இதயம் தடுமாறிடுச்சு. பிழைச்சுக்குவார்," என்றார் டாக்டர். கையில் சின்னப்பனின் மனைவி லூர்தம்மாள் கொடுத்த மாத்திரைப் பெட்டி. "கால் வீக்கத்துக்கு இதைத்தான் சாப்பிடறாராம். இது சிறுநீரோட பொட்டாசியத்தையும் வெளியேத்தும். குறையணுமே தவிர, ஏறக் கூடாதே!"

கலைமணி லூர்தம்மாளிடம் திரும்பினார்.

"இளநீர் தினமும் குடிப்பாருங்களா?"

"ஆமாங்க. ராவுல கெண்டைக்கால் இழுத்துக்கும். பழைய டாக்டர்தான் இளநீர் குடிக்கச் சொன்னாருங்க. அன்னையிலேர்ந்து தாவூது அண்ணன் தவறாம குடுப்பாருங்க. பேச்சு இல்லாதப்பகூட வூட்டு வாசல்ல வெச்சுட்டுப் போவாருங்க."

"இப்பவும் இழுக்குதா?"

"பொங்கலோட நின்னுபோச்சுங்க. மார்புதான் வலிக்குதாம், சட்டை உரசினாக்கூடத் தாங்கல."

மருந்து மாறாமல் உடம்பு ஏன் மாறியது? கலைமணி டாக்டரிடமிருந்து பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே இருந்த மாத்திரை அட்டையில் வேறு பெயர்.

"பொங்கலப்ப வேற டாக்டர் மாத்திக் குடுத்தாருங்க. ரெண்டும் நீர் மாத்திரைதானேன்னு பழைய பெட்டியிலயே போட்டேன்," என்றார் லூர்தம்மாள்.

அட்டையைப் பார்த்த டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது பொட்டாசியத்தை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும். மார்பு வலியும் இதோட வேலைதான். கிட்னி வேற சோர்ந்திருக்கு."

நிலையத்தில் கலைமணி விக்டரிடம் சொன்னார்: "விஷமே இல்லீங்க. பழைய மாத்திரை பொட்டாசியத்தை வெளிய தள்ளுச்சு, இளநீர் அதை ஈடுகட்டுச்சு. புது மாத்திரை தள்ளல. இளநீர்ல இருந்த பொட்டாசியம் உடம்புலயே சேர்ந்துபோச்சு. குத்தவாளி, மருந்து மாறின பின்னாடியும் மாறாத அந்தப் பழைய யோசனைதான். கால் இழுப்பு நின்னப்பவே ஏன்னு கேட்டிருக்கணும்."

விக்டர் தலைகுனிந்தார். தாவூதோ, "என் கையாலதானே குடுத்தேன்" என்று தேம்பினார்.

சாயங்காலம் வார்டு வாசலிலேயே தயங்கி நின்ற தாவூதைச் சின்னப்பன் பார்த்துவிட்டார்.

"எங்கடா போய்ட்ட? காலையிலேர்ந்து ஆளயே காணோம்."

தாவூது கட்டிலருகே நின்ற விக்டரை ஒரு கணம் பார்த்தார்.

"மண்டியில வேலைடா," என்று கட்டிலில் உட்கார்ந்து, சிநேகிதனின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.