அரை பீட் தாமதம்

பாட்டுக்கு அடியில் வரும் கனத்த பேஸ் ஒலி அரை பீட் தாமதமாக வந்தது. தையல்காரர் மடிக்கணினியைத்தான் சந்தேகப்பட்டார்.

பழைய கீபோர்டில் தானாக வரும் பக்கவாத்தியம் பழுதாகிவிட்டதால், மகள் இரண்டு மாற்று அனுப்பியிருந்தாள்: கணினியில் ஓடும் ஒரு சாஃப்ட்வேர், கீபோர்டோடு இணைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கு இடது கை வேண்டும். அது மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கார்டைக் கேட்டுத்தான் பேஸும் கிடாரும் கூட வரும். அவருடைய இடது விரல்களோ மடங்காதவை. இருபது வருஷமாக இந்த வீட்டின் இடது கை அவர் மனைவிதான். ஒட்டி உட்கார்ந்து கார்டு பிடிப்பாள், எப்போதும் அரை பீட் பின்தங்கி. கடிந்துகொண்டால், "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்று சிரிப்பாள். கடைசிக் கார்டை அவர் "போதும்" என்று சொல்லும்வரை விடமாட்டாள்.

முன்னால் போனது அவள்தான்.

"சாஃப்ட்வேர்ல கார்டை முன்னாடியே எழுதி வச்சிடலாம்பா, இடது கையே வேண்டாம்," என்றாள் மகள் போனில். "ரெண்டையும் பார்த்துட்டு ஒண்ணை வச்சுக்கங்க."

"பார்க்கிறேம்மா."

கணினியை மூடிவிட்டுப் பெட்டியை இணைத்தார். துணி வெட்டும் மேசையில் மத்தியான வெயில் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனையோடு, அவளுடைய நோய்க்கட்டிலை அகற்றிய பிறகும் போகாத மருந்து வாசனையும் சேர்ந்து அறையில் நின்றது. வலது கையால் அவர்களுடைய பாட்டைத் தொடங்கினார். இடது கை இல்லாததால் வெறும் டிரம் மட்டும் வர வேண்டும்.

பேஸ் வந்தது. அரை பீட் தாமதமாக.

அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. "வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே முழுப் பாட்டையும் வாசித்து முடித்துக் கையை எடுத்தார்.

கடைசிக் கார்டு நிற்கவில்லை.

இடது பக்கம் பார்த்தார். மூன்று கட்டைகள் அழுந்தியிருந்தன. பக்கத்தில், அவள் ஒட்டி உட்காரும் இடத்தில், பெஞ்சின் மெத்தை குழிந்திருந்தது.

"போதும்" என்ற அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறாள். கடைசியாக அதை அவர் சொன்னது ஆஸ்பத்திரியில். அவளுடைய மூச்சு மெஷினை நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்டபோது. அப்போது அவளுடைய இடது கை, படுக்கை விரிப்பின் மேல் மூன்று விரல்களை ஊன்றி, கார்டு பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கீபோர்டின் கரண்ட் வயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை.

"போதும்," என்றார். "போதும்மா."

கட்டைகள் எழவில்லை.

இன்னும் ஆழமாக அழுந்தின.