கூட்டக் கூட்ட இருட்டின திரை

என்ன பிள்ளைங்களா, எல்லாரும் சௌக்கியமா? சளி, இருமல் ஒண்ணும் இல்லையே? அப்போ சரி. நேத்து எங்க வீட்ல நடந்ததை நினைச்சா எனக்கு இன்னும் படபடன்னு வருது, கேளுங்க.

என் மகளுக்கு வீட்ல இருந்தே வேலை. லேப்டாப்புக்குள்ள டிரைவர்னு ஒண்ணு இருக்காம். வண்டி ஓட்டுறவர் இல்ல! திரைக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்னு சொல்ற குட்டி புரோகிராம். புது மாடல் லேப்டாப்புக்கு அதை எழுதினது இவதான். சாயங்காலம் அந்த மாடல் வச்சிருக்கிற எல்லாருக்கும் அது போகணும்.

கடைசியா ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தா. திரை கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. வெளிச்சத்தைக் கூட்டுற பட்டனை டக்குடக்குன்னு தட்டினா.

ஒரே இருட்டு!

"ஐயையோ!"

அவ போட்ட சத்தத்துல என் கையில இருந்த டம்ளர் கீழ விழுந்து உருண்டுச்சு.

"என்னடி ஆச்சு?"

"செத்துப் போச்சும்மா!"

"யாருடி?" எனக்கு உயிரே போயிடுச்சு.

"லேப்டாப்!"

மறுபடி மறுபடி அதே பட்டனைத் தட்டினா. ம்ஹூம். மேலதிகாரிக்கு போன் போட்டா.

"திரைதான் போயிருக்கும்மா. வேற லேப்டாப் தர்றேன். உங்க டிரைவரைச் சாயங்காலம் அனுப்பிடுவோம்"னுட்டார் அவர்.

அப்போ கட்டிலுக்கு அடியில இருந்து டார்ச்சோட தவழ்ந்து வந்தா எங்க வாண்டு, என் பேத்தி. தொலைஞ்சு போன ரப்பரைத் தேடிட்டிருந்தாளாம்.

"ஏன் ரெண்டு பேரும் கத்துறீங்க?"ன்னு நிமிர்ந்தா. டார்ச் வெளிச்சம் திரை மேல பட்டுச்சு. "அம்மா! உள்ள பூனை இருக்கு!"

எட்டிப் பார்த்தோம். மகள் திரையில வச்சிருந்த பூனைப் படம், ஆவி மாதிரி லேசாத் தெரியுது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அப்போ திரை போகல. திரைக்குப் பின்னாடி இருக்கிற விளக்குதான் அணைஞ்சிருக்கு!" மகள் வாயைப் பிளந்தா.

"எந்தப் பட்டனைத் தட்டினே?"ன்னு கேட்டா வாண்டு.

"கூட்டுறதை."

"அப்போ குறைக்கிறதைத் தட்டும்மா."

"இருட்டா இருக்கும்போது யாராவது இன்னும் குறைப்பாங்களா?"

"இதுக்கு மேல எங்கம்மா இருட்டப் போகுது?"

மகள் தட்டினா. மினுக்குன்னுச்சு. இன்னும் தட்டினா, பளிச்! பூனை எங்களையே முறைக்குது.

மகளுக்கு முகம் வெளிறிப் போச்சு. "இந்தத் திரைக்குக் கணக்கே தலைகீழ்! பூஜ்யம்னா முழு வெளிச்சம், நூறுன்னா இருட்டு. என் டிரைவருக்கு அது தெரியல. இதை அனுப்பியிருந்தா..."

"எல்லார் வீட்லயும் டம்ளர் உருண்டிருக்கும்"னா வாண்டு.

உடனே மேலதிகாரிக்கு போன். "சார், அனுப்பாதீங்க! தப்பு திரையில இல்ல, என் டிரைவர்ல!"

இந்தத் திரைக்கு மட்டும் எண்ணைத் திருப்பிப் போடுன்னு டிரைவர்ல எழுதிச் சேர்த்தா. திரும்பவும் கூட்டுற பட்டன்ல விரலை வச்சா.

பளிச்!

மகள் வாண்டைத் தூக்கித் தட்டாமாலை சுத்தினா. அவளோ, "போதும், இறக்கி விடும்மா. இப்ப நீங்க ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில வந்து என் ரப்பரைத் தேடணும்"னா.

தேடினோம். இன்னும் கிடைக்கல. உங்க வீட்லயும் பெரியவங்க கத்தி, நீங்க சரிபண்ணின கதை இருந்தா எனக்கு எழுதுங்க. ரப்பர் எங்கெல்லாம் ஒளியும்னு தெரிஞ்சா அதையும் மறக்காம எழுதுங்க!