உப்பு ஒத்தடம்

“மருமக என் காலைச் சுட்டுட்டா அண்ணாச்சி. போலீஸ் வேண்டாம், நீங்க விசாரிச்சு உறுதி பண்ணுங்க. புள்ளைய இங்கன வச்சுக்கிட்டு அவள நாகலாபுரத்துக்கு, அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிருதேன்.”

தீப்பெட்டி ஆலை முதலாளி அழகிரிசாமி கட்டிலில் கால் நீட்டியிருந்தார். நாள்பட்ட சர்க்கரை. துப்பறிபவர் இராமச்சந்திரன் குனிந்து பார்த்தார். குதிங்காலிலும் முன்பாதத்திலும் கொப்புளங்கள். நடுக்குழிவில் ஒன்றுமில்லை.

நேற்று இரவு கரண்ட் இல்லை. கால் குடைச்சல் என்று அவர் சொன்னதால் மருமகள் சத்தியபாமா உப்பு வறுத்துத் துணியில் கட்டி, இருட்டில் பாதம் முழுக்க ஒத்தடம் கொடுத்திருந்தாள். விடிந்ததும் கொப்புளம். இப்போது அவளைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே குழந்தை பாலுக்கு அழுதது.

“சுட்டிருந்தா கத்தியிருப்பாரே?” என்றான் உதவியாளன் செல்வகணேஷ்.

“ராத்திரி அவருக்குக் குடுத்த பால்ல மயக்க மருந்து கலந்திருக்கா,” என்றாள் அழகிரிசாமியின் மனைவி மீனாட்சியம்மாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

இராமச்சந்திரன் பூட்டிய அறையின் சன்னலருகே போனார். “கையைக் காட்டும்மா.”

கம்பிகளுக்கிடையே கைகள் நீண்டன. தோலில் ஒரு சிவப்புகூட இல்லை.

“ஒவ்வொரு தடவையும் என் உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டுத்தான் ஒத்துனேன். புள்ளையத் தரச் சொல்லுங்க சார்.”

அவர் கட்டிலுக்குத் திரும்பினார். “நேற்று மத்தியானம் எங்கே இருந்தீர்கள்?”

“குச்சி காயுத களத்துல.”

“செருப்பு?”

“ஆலைக்குள்ள எவனும் செருப்பு போடக்கூடாது. ஆணி உரசுனா பொறி பறக்கும்லா.”

“சித்திரை வெயில். சுடவில்லையா?”

அழகிரிசாமி சிரித்தார். “மத்தவன்லாம் குதிப்பான். நான் அசையாம நிப்பேன்.”

“கண்ணை மூடுங்கள். எந்த விரலைத் தொடுகிறேன்?”

பேனா முனை பெருவிரலில் அழுந்தியது.

“தொடுங்க, சொல்லுதேன்.”

செல்வகணேஷ் விரலில் அழுந்தியிருந்த பேனாவைப் பார்த்தான்.

“சர்க்கரை உங்கள் நரம்பைக் கெடுத்துவிட்டது. தோலுக்குச் சூடும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை. ஒத்தடம் சுட்டிருந்தால் நடுக்குழிவும் வெந்திருக்கும், அவள் கையும் வெந்திருக்கும். தரையில் ஊன்றிய இடம் மட்டும்தான் வெந்திருக்கிறது. சுட்டது உங்கள் சிமெண்டுக் களம். இன்றே டாக்டரிடம் போங்கள். இனி தினமும் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும். புண் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.”

மீனாட்சியம்மாள் பூட்டைத் திறந்தாள். சத்தியபாமா ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டாள்.

“ஏட்டி, பாலக் குடுத்துட்டு வா. மாமா காலை இனி நீதான் பாக்கணும்,” என்றாள் மீனாட்சியம்மாள்.

சத்தியபாமா மாமனாரைப் பார்த்தாள்.

“நான் நாகலாபுரம் போறேன்னா, புள்ளையோட விடுவீங்களா மாமா?”

அழகிரிசாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கால் மட்டும் நீட்டியபடியே இருந்தது.