பதினேழாம் நம்பர் ரிப்பன்

டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் கிளைடரின் வால் துடுப்பு இடது பக்கம் திரும்பியது. இறக்கைமேல் இருந்த இரண்டு தட்டுகளும் எழுந்து நின்றன. எல்லாம் மெர்சி செட் செய்து வைத்தபடியே நடந்தது. நோட்டை எடுத்துத் தேதியை எழுதினாள். பேனாவை மூடுவதற்குள் மேஜைமேல் ஒரு சின்ன முனகல் கேட்டது, உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் திரும்பும்போது வரும் அதே முனகல். நிமிர்ந்து பார்த்தாள். வால் துடுப்பு நடுவுக்கு வந்திருந்தது.

வரக்கூடாது. பாலிடெக்னிக்கில் எட்டு வருஷமாக எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? ரேடியோவில் ஓட்டும் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது, காற்றில் மிதக்கும். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் அறுந்துவிட்டால் அது இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். ஒன்றும் சொல்லி வைக்காவிட்டால், கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு நேரே ஊரைத் தாண்டிப் போய்விடும். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், வாலை ஒரு பக்கம் திருப்பி, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, அதே இடத்தில் வட்டமிட்டு இறங்கும். அதற்குப் பெயர் ஃபெயில்சேஃப். மூன்றாவதாக ஒன்று கிடையாது. அணைத்த டிரான்ஸ்மிட்டருக்கு எதிரே வால் தானாக அசைகிறதென்றால், வேறு யாரோ அதே அலைவரிசை நம்பரில் அதனிடம் பேசவேண்டும்.

இதை விட்டால் பதினேழாம் நம்பரில் கோயமுத்தூரில் இருந்தது ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டர்தான். அது அவள் புருஷன் ஆல்வினுடையது. அது கிணற்றில் கிடக்கிறது.

வெளியே பீளமேட்டு மில்லின் ஆறு மணிச் சங்கு ஊதி அடங்கியது. ஈயம் உருகிய வாசமும் பசை வாசமும் அறையில் அப்படியே நின்றன. மெர்சி டிரான்ஸ்மிட்டரின் பின்மூடியைத் திறந்து, நம்பரைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய செட் அது, கோளாறு இருக்கலாம். கிரிஸ்டல் இல்லாமல் அது வெறும் பெட்டி. இப்போது பார்ப்போம் என்று கிளைடரின் வாலையே முறைத்தாள்.

வால் அசைந்தது. இடது. இடது. வலது.

ஒவ்வொரு முறையும் பறக்கவிடுவதற்கு முன்னால் ஆல்வின் செய்து பார்ப்பது அதுதான். இடது, இடது, வலது. ஏன் இரண்டு இடது என்று கேட்டதற்கு, "பழகிப்போச்சு மெர்சி" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கிளைடரின் பாட்டரியைப் பிடுங்கினாள். பயந்ததே அவளுக்குக் கோபமாக வந்தது. பதினோரு மாசமாக ஊரே அவளைப் பார்த்த பார்வைக்கு அசையாதவள், இந்தப் பொம்மைக்கா பயப்படவேண்டும்?

போன வருஷம், தொண்ணூற்றைந்து மார்ச்சில், நெகமத்துக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த கடலைக்காட்டில் நடந்தது அது. ஆல்வின் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பாலகோபால், அவருடைய சிநேகிதர், கயிறு இழுத்து மேலேற்றிவிட்டுத் தூரத்தில் நின்றார். பறக்கவிடுகிறவன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது, அதுதான் முதல் பாடம். அப்படி அண்ணாந்தபடியே நடந்த ஆல்வின், சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலிருந்த கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்குள் போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை. கிளைடர் நேரே மேற்கே போனது. ஆல்வின் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார் என்று நினைத்துப் பாலகோபாலும் ஓடினார். மூன்று கிலோமீட்டர் தள்ளித் தென்னந்தோப்பில் கிளைடர் கிடைத்தது. அங்கேயே பத்துப் பேர் இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலையில் மோட்டார் போட வந்த தோட்டக்காரி பாப்பாயிதான் கிணற்றுக்குள் உடலைப் பார்த்தாள். கழுத்தில் டிரான்ஸ்மிட்டர் மாட்டும் பட்டை மட்டும் இருந்தது. விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. ராத்திரி வெகுநேரம் உயிரோடு இருந்திருப்பார் என்றார் டாக்டர்.

அடக்கத்தன்று பாலகோபால் அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னார். ஃபெயில்சேஃப் போட்டிருந்தால் கிளைடர் அந்த இடத்திலேயே சுற்றி இறங்கியிருக்கும், நாங்களும் அங்கேயே தேடியிருப்போம் என்று. குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. கிளைடர் கட்டுவதும் ஓட்டுவதும்தான் ஆல்வின், ரேடியோ வேலை முழுக்க மெர்சியுடையது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

நான் செட் பண்ணினேன் என்று அன்றைக்கே சொன்னாள். இன்றைக்கும் சொல்கிறாள். டிரான்ஸ்மிட்டர் குச்சிகளைப் பிடித்தது, பொத்தானை அழுத்தியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அழுத்தியதும் ஒரு பீப் வரவேண்டும். அது வந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த ஒரு பீப்புக்காகத்தான் உடைந்த கிளைடரைத் திரும்ப ஒட்டினாள். அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. பாலகோபாலைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு போனாள். அவர் வேறு காட்டுக்குப் போகலாம் என்றார், சூலூர் பக்கம் போகலாம் என்றார், கடைசியில் வண்டியை எடுத்தார். மூன்று மணி வெயில். கடலை பிடுங்கிய மண் வெந்து வாசம் அடித்தது. சோளத்தட்டுப் போர் அதே இடத்தில் புதிதாகப் போடப்பட்டிருந்தது, அதற்கு அப்பால் கிணற்றைச் சுற்றி இடுப்புயரத்துக்கு முள் அடைத்திருந்தார்கள். மாட்டுக்குச் சோளத்தட்டு உருவிக்கொண்டிருந்த பாப்பாயி இவர்களைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க அம்மிணி. பாட்டுக் கேக்கற ரேடியோவ அங்க கொண்டுபோனா, பாட்டு நின்னு போயி ஒரே எரைச்சலா வருதுங்க. பேட்டரியப் புடுங்கினாத்தான் நிக்குது" என்றாள். சொல்லிவிட்டு, உருவிய தட்டைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மெர்சி கிரிஸ்டலை மாட்டினாள். ஏரியலைக் கண்ணி கண்ணியாக வெளியே இழுத்தாள், ஒவ்வொரு கண்ணியும் டிக், டிக் என்று நின்றது. முழுக்க இழுத்தால் மூன்றரை அடி. யார் எந்த நம்பரில் இருக்கிறார்கள் என்று தெரிவதற்காக ஏரியல் நுனியில் ரிப்பன் கட்டி நம்பர் எழுதுவது வழக்கம். ஆல்வினின் ஏரியலில் சிவப்பு ரிப்பன் கட்டி 17 என்று எழுதியவள் அவள்தான். அதே சுருளில் மிச்சமிருந்ததை வெட்டி இதில் கட்டினாள்.

தரையில் வைத்து ஒருமுறை அணைத்துப் பார்த்தாள். வால் இடதுபக்கம் போனது, தட்டுகள் எழுந்தன. பத்து எண்ணினாள். அசையவில்லை. இருபது எண்ணினாள். பாலகோபால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

கயிற்றை இழுத்துக்கொண்டு அவர் ஓட, கிளைடர் விறுவிறுவென்று ஏறி, உச்சியில் கயிற்றை உதறிவிட்டு மிதந்தது. என்ன அழகாகக் கட்டியிருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறக்கையில் உரசும் சத்தம் அவ்வளவு உயரத்திலிருந்தும் மெல்லியதாகக் கேட்டது, எங்கேயோ ஒரு பம்புசெட் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, வெயிலில் அவள் நிழல் காலடியிலிருந்து கிழக்கே நீண்டு கிடந்தது. நல்ல உயரம் வந்ததும் அணைக்கப்போகிறேன் என்றாள். பாலகோபால் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அணைத்தாள்.

கிளைடர் இடதுபக்கம் சாய்ந்தது. தட்டுகள் எழுந்து வெயிலில் மின்னின. ஒரு வட்டம். இரண்டாவது வட்டம். செட் பண்ணி வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துக்குங்கண்ணா" என்றாள். குரல் உடைந்தது. "நான் பண்ணுன செட்டிங் எப்பவும் தப்பாது. அன்னைக்கும் இதையேதான் பண்ணுனேன்."

பாலகோபால் தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு மாசமாக அந்தத் தலை குனிவதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவது வட்டத்தில் தட்டுகள் படுத்துக்கொண்டன.

கிளைடர் நிமிர்ந்தது. இறக்கை ஆடியது. இடது. இடது. வலது.

பிறகு கிணற்றைப் பார்த்துத் திரும்பியது.

சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. மூடியைத் திறந்து கிரிஸ்டலைப் பிடுங்கிப் பாலகோபாலின் கையில் திணித்தாள். அவர் அதைப் பார்க்கவேயில்லை. கிளைடர் கிணற்றுக்கு நேர் மேலே போய், சின்ன வட்டமாக, உயரம் குறையாமல் சுற்ற ஆரம்பித்தது. கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்தால் தெரிகிற அந்தச் சதுர வானத்துக்குள்ளேயே சுற்றியது. அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு முழம்கூடப் போகவில்லை.

அவளுக்குப் புரிந்தது. ஃபெயில்சேஃப் அன்றைக்கு வேலை செய்யாமல் போகவில்லை. வேலை செய்யவேண்டிய நேரமே அதற்கு வரவில்லை. சிக்னல் அறுந்தால்தானே அது இறங்கும்? உள்ளே தண்ணீரில் கிடந்தபடி, மேலே எதுவும் தெரியாமல், ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசிவரை டிரான்ஸ்மிட்டரை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாததை நேராகவே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதும் விடவில்லை.

பீப் வந்திருக்கிறது. நிச்சயமாக வந்திருக்கிறது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அழுகை நின்றபோது பக்கத்தில் பாலகோபால் இல்லை.

இருபதடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். அண்ணாந்தபடி. கண்ணை எடுக்காமல். கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். முள்ளடைப்பு அவர் வேட்டியைக் கிழித்தது, அவர் அதை மிதித்துக்கொண்டு நடந்தார்.

அவளும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கால்களும் நடந்துகொண்டிருந்தன. போரைத் தாண்டியாகிவிட்டது.

மாட்டேன்.

தலையை வலுக்கட்டாயமாகக் கீழே இழுத்தாள். கழுத்து நரம்பு சுரீரென்றது. மண்ணைப் பார்த்தபடி ஓடினாள். முள் ஆடுசதையைக் கீறியது. பாலகோபாலின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இருவரும் விழுந்தார்கள். அவருடைய பாதம் கிணற்று விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் முகம் இன்னும் மேலேயே திரும்பியது. அதைப் பிடித்து மண்ணில் அழுத்தினாள்.

"கீழ பாருங்கண்ணா. மண்ணப் பாருங்க. எந்திரிக்காதீங்க."

சாய்ந்த வெயிலில் கிழக்கே எங்கேயோ விழவேண்டிய கிளைடரின் நிழல் அவர்களைச் சுற்றி வந்தது. அவள் கையின்மேல் ஏறி இறங்கியது. மறுபடியும் வந்தது. மேலே பார் என்று கேட்டது. அவள் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பினாள். பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"நான் செட் பண்ணித்தான் குடுத்தேன்" என்றாள். "நீங்க விட்டிருந்தா அது இங்கயே சுத்தி உங்களக் காட்டிக் குடுத்திருக்கும். ஏனுங்க விடல? எங்களையும் உள்ள இழுத்தா ஆச்சா? நான் வரமாட்டேன். இவரையும் உடமாட்டேன். சுவிட்ச அணைங்க."

பம்புசெட் நின்றது. காற்று நின்றது.

கிணற்றுக்குள் தண்ணீர் சொட்டியது.

டிக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

டிக். டிக்.

விளிம்புக்கு மேலே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று எழுந்தது. நுனியில் ஒரு சிவப்பு ரிப்பன், பாசி படிந்து, நீர் வடிந்து, அவள் கையெழுத்தில் 17 என்று. ஒரு கண்ணி. அதன்கீழ் இன்னொரு கண்ணி. இடது பக்கம் சாய்ந்தது. மறுபடியும் இடது. அப்புறம் வலது.

மெர்சி பாலகோபாலின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. "அணைங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அந்த ஏரியல் முழுக்க இழுத்தாலும் மூன்றரை அடிதான். எத்தனை முறை அதை இழுத்தும் மடக்கியும் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா? இப்போது விளிம்புக்கு மேலே மூன்று அடிக்குமேல் நின்றது. அதற்குக் கீழே பெட்டி இருக்கும், பெட்டியைப் பிடித்த கை இருக்கும். இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.