காலியிடம் விட்ட சுவரொட்டி

ஐப்பசி இருபத்தேழாம் தேதி சங்கிலிக்குப்பத்துக்காக நாடே அழப்போகிறது என்று இரக்கமானி காட்டியது. எதற்காக அழப்போகிறது என்று காட்டவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

துயர்நீக்கச் சங்கத்தின் கடலூர் கிளையில் அப்போது மழைக்கால நிதித் திரட்டுக்கான ஆலோசனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கிளைத் தலைவர் பக்கிரிசாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சுவர்த்திரையில் டில்லித் தலைமையகத்து ஸ்ரீவத்சன் புன்னகையோடு உட்கார்ந்திருந்தான். திரட்டை நடத்த வேண்டிய அஞ்சலாட்சி மட்டும் இரக்கமானி போட்ட கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பிறந்த ஊர் சங்கிலிக்குப்பம். கடலோரத்தில் நூற்று நாற்பது வீடு, அதில் ஒன்று அவள் தம்பி தனக்கோடியுடையது.

மனிதனின் நாடி, அவன் அழுவதற்கு ஒரு மாதம் முன்பே இளகத் தொடங்குகிறது. ஏன் என்று அதைக் கண்டுபிடித்தவருக்கே தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். எல்லார் மணிக்கட்டிலும் கிடக்கும் நாடிப்பட்டையிலிருந்து அந்த இளக்கத்தைத் திரட்டி, எந்த நாளில் எந்த ஊரை நோக்கி எவ்வளவு இரக்கம் பொங்கும் என்று கோடு போட்டுத் தருவதுதான் இரக்கமானி. பதினோரு வருடத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஜனங்களும் பழகிவிட்டார்கள். கோடு ஏறும் நாளாகப் பார்த்து லீவு கேட்டார்கள். வக்கீல்கள் அந்த நாளுக்கு வாய்தா வாங்கினார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் அதுவரை மதிப்பெண் அட்டையை ஒளித்துவைத்தார்கள். நன்கொடையை நம்பிப் பிழைக்கும் சங்கங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜனங்களுக்கு நாள் மட்டும்தான் தெரியும், ஊர்ப்பெயர் சங்கங்களுக்கு மட்டும்.

கோட்டில் மேடு தெரிந்ததுமே சுவரொட்டி அச்சாகிவிடும். திரை விளம்பரங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்காததால் காகிதத்துக்கு மறுபடி மவுசு வந்திருந்த காலம் அது. தலைமையகம் அனுப்பிய நாலாயிரம் சுவரொட்டிகள் மூலையில் கட்டுக்கட்டாக இருந்தன. '______ பாதிக்கப்பட்ட சங்கிலிக்குப்பம் மக்களுக்கு உதவுங்கள்.' அந்தக் காலியிடத்தில் அடிப்பதற்கென்றே கிளையில் ஒரு தகரப்பெட்டி நிறைய எழுத்துவெட்டிய தகடுகள் உண்டு: வெள்ளத்தால், புயலால், தீயால், தொற்றால். நாள் வந்ததும் பொருத்தமான தகட்டை வைத்து மை பூசி ஒட்ட வேண்டியதுதான். என்ன ஒழுங்கு, என்ன முன்னேற்பாடு! தூ.

ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று அஞ்சலாட்சி கேட்டாள். ஸ்ரீவத்சன் பொறுமையாகவே பதில் சொன்னான்.

"மேடம், அந்த மேட்ட நாம உண்டாக்கல. அது வருது. நாம தயாரா இருக்கணும், அவ்வளவுதான்."

அந்த வாரம் அவள் செய்து பார்க்காதது இல்லை. திரட்டுத் திட்டத்திலிருந்து சங்கிலிக்குப்பத்தை அடித்து நீக்கினாள், மேடு அசையவில்லை. கடலூர்த் திரட்டையே ரத்து செய்யச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினாள், அசையவில்லை. கடைசியில் ராஜினாமாவை எழுதிக்கொண்டு போய் நின்றாள். பக்கிரிசாமி அதைப் படிக்காமலேயே மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"நீ போனா வேற ஒருத்தன் வருவாம்மா. அவனுக்கு அந்த ஊர்ல யாரும் இருக்கமாட்டாங்க" என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. அவள் திரும்பி வந்து மறுபடி கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருடம் மழைக்காலத் திரட்டு நடத்தியவளுக்கு இரக்கம் என்றாலே தண்ணீர்தான். ஐப்பசியில், கடலோரத்தில், வேறென்ன வரும்? வானிலைக்காரர்கள் வங்கக்கடல் சும்மா கிடக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது என்றைக்குப் பலித்திருக்கிறது என்று அவள் அதைத் தள்ளிவிட்டாள். சரி, வெள்ளம் வரட்டும், வீடுகள் போகட்டும், அதற்காக நாடு அழட்டும். ஆட்களை மட்டும் அதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும். இப்படி நினைத்ததும் பத்து நாளைக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கியது.

ஊரில் யாரும் மசியவில்லை. மத்தி மீன் கரையோரம் வந்து குவியும் நேரம். இரண்டு வருடமாக மீன்பாடு இல்லாமல் காய்ந்து கிடந்தவர்கள். தனக்கோடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, தலைநிமிராமல் பேசினான்.

"வானத்தப் பாருக்கா. ஒரு பொட்டு மேகம் இருக்கா? இந்த நேரத்துல வலைய சுருட்டி வச்சிட்டு கல்யாண மண்டபத்துல போய் உக்காரச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?"

அவள் நியாயம் பேசவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"உன்னப் பொணமா பாக்க எனக்குத் தெம்பு இல்லடா தம்பி" என்றாள்.

அக்கா அழுது அவன் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அவள்தான் எல்லாரையும் தேற்றியவள். வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அன்றும் மறுநாளும் வீடு வீடாக ஏறி இறங்கினான். கெஞ்சினான், கேலி பேசினான், இரண்டு இடத்தில் சண்டையும் போட்டான். இரண்டே இரண்டு நாள், இருபத்தாறாம் தேதி போய் இருபத்தெட்டாம் தேதி காலையில் திரும்பிவிடுவது என்ற பேச்சில் ஊர் இறங்கி வந்தது.

இருபத்தாறாம் தேதி காலை ஆறு லாரிகள் வந்தன. வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. சாமான், கோழி, தையல் மெஷின் என்று ஏற்றியதில் ஆட்களுக்கு இடம் போதவில்லை. இரண்டு நடை அடிக்கலாம் என்றார் டிரைவர் ஒருவர். தண்ணீர் எந்த நிமிஷத்தில் வருமோ என்ற பயத்தில், ஒரே நடையில் போய்விடலாம், ஏறுங்கள் என்று அவசரப்படுத்தியவள் அஞ்சலாட்சிதான். கிளம்புமுன் கையிலிருந்த சின்ன இரக்கமானியைப் பார்த்தாள். மேடு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. பாவம், வீடு ஒன்றுகூட மிஞ்சாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வாய்க்கால் பாலத்தின் திருப்பத்தில் மூன்றாவது லாரி பாரம் தாங்காமல் சாய்ந்து கவிழ்ந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். தனக்கோடியின் மனைவியும் மகள்களும் முதல் லாரியில் போயிருந்தார்கள். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக மூன்றாவது லாரியின் பின்பலகையில் தொற்றிக்கொண்டவன் தனக்கோடி. அவனுடைய வலதுகாலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இருபத்தேழாம் தேதி நாடு அழுதது. வராத வெள்ளத்துக்குப் பயந்து ஓடி, பட்டப்பகலில், மேகமில்லாத வானத்தின் கீழே செத்தவர்களுக்காக அழுதது. கோடு, வரைந்த இடத்தில் வரைந்தபடி ஏறி நின்றது. அதைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அது வெள்ளம் என்று சொன்னதா?

ஆஸ்பத்திரியில் தம்பி அவளைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தான். யாரோ ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

"கடலு அப்படியேதான் இருக்காம்க்கா" என்றான்.

அஞ்சலாட்சி நேரே கிளைக்கு வந்தாள். பக்கிரிசாமி தகரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். எந்தத் தகடும் பொருந்தவில்லை. அவள் மையையும் தூரிகையையும் இழுத்துவைத்துக்கொண்டு, காலியிடத்தில் கையாலேயே எழுதத் தொடங்கினாள். 'எங்களால் பாதிக்கப்பட்ட சங்கிலிக்குப்பம் மக்களுக்கு உதவுங்கள்.' நாலாயிரத்திலும் எழுதினாள். இரண்டு பகல் பிடித்தது. பக்கிரிசாமி தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து காயவைத்துக் கொடுத்தார், ஆள்விட்டு ஒட்டவும் செய்தார். சங்கத்தை இழுத்து மூடட்டும், என்னைப் பிடித்து உள்ளே போடட்டும், எப்படியாவது இது முடியட்டும் என்று அவள் நினைத்தாள்.

சங்கத்தை யாரும் மூடவில்லை. அவளைப் பிடிக்கவும் யாரும் வரவில்லை. மார்கழியில் ஸ்ரீவத்சன் திரையில் வந்தான். முதலில் இரங்கல் சொன்னான். அது நடிப்பாகத் தெரியவில்லை. பிறகு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மேடு கணித்ததைவிட ஒன்பது நாள் கூடுதலாக நின்றிருக்கிறது என்றான். தலைமையகத்தில் ஆராய்ந்து பார்த்தார்களாம். எல்லாம் அந்த ஒரு சொல்லால்தானாம்.

தை பிறந்ததும் பங்குனித் திரட்டுக்கான கட்டு வந்தது. எல்லாக் கிளைக்கும் ஒரே வாசகம். மேலே இருந்த ஒரு தாளை உருவினாள். 'எங்களால் பாதிக்கப்பட்ட ______ மக்களுக்கு உதவுங்கள்.' இந்த முறை காலியிடம் ஊர்ப்பெயருக்கு.

அன்று காலையில்தான் கோட்டில் புதிதாக ஒரு மேடு முளைத்திருந்தது. ஊர் வடக்கே, ஆற்றுக்கு அந்தப்புறம். அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கிரிசாமி பெயரைப் படித்தார்.

"இந்தத் தடவை ஊர்க்காரங்ககிட்ட சொல்லப்போறியா, இல்ல சொல்லாம இருக்கப்போறியா?" என்று கேட்டார்.

அவள் சுவரொட்டியைப் பார்த்தாள். சொன்னாலும் அந்த முதல் சொல் பொருந்தும். சொல்லாமல் இருந்தாலும் பொருந்தும். தூரிகையை மையில் தோய்த்து, காலியிடத்தில் ஊர்ப்பெயரை எழுதினாள்.