பாலத்தில் அடி மாற்றி நட

இடது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது அவனுக்கு. ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்க ஆறு பேர் என்பது பட்டாளத்துக் கணக்கு. ஆறில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டால் மிச்சமிருக்கிற நாலு தோள்தான் அவர்கள் பாரத்தையும் சுமக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல் என்று இரும்புக்குத் தெரியுமா? காலையில் பாலத்தில் நெளிந்துபோன சட்டத்தை மாற்றிவிட்டு, அந்தத் தோளோடேயே கரை முனையில் சிவப்புக் கொடி பிடித்துக் காவலுக்கு நின்றான். மழை... விட்டுத் தொலையாத மழை.

பாலம் கட்டும் பட்டாளம் அவனுடையது. சண்டையில் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக, கடல் தாண்டி வந்து ஆற்றின் குறுக்கே இந்த இரும்புப் பாலத்தைப் போட்டிருந்தார்கள். ஒரு வருடப் பணியில் ஐந்து மாதம் போயிருந்தது. முகாம், பாலம், பாலம் விட்டால் முகாம். ஊர் எப்படி இருக்கும் என்று அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. கல்குவாரியில் ஜல்லி உடைத்த கைகளில் வளர்ந்தவன். வேலைக்குப் போன இடத்தை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? போனோமா, செய்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பச்சை பஸ், கொடிக்கு ஒரு முழம் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. ஹாரன் அலறியது.

அந்த ஊர் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை... நில், இறங்கு. இரண்டாவதைச் சொன்னான். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். ஜன்னலைப் பாதி இறக்கி, அவனுக்குப் புரியாத பாஷையில் படபடவென்று பொரிந்து தள்ளினாள். அவன் மறுபடியும் "இறங்கு" என்றான். அவள் மறுபடியும் ஹாரன் அடித்தாள்.

"பல்லக்குல வந்த மகாராணி... எறங்க மாட்டாளாம்" என்று வாய்க்குள் முனகினான்.

ஹாரன் நின்றது. ஜன்னல் முழுசாக இறங்கியது.

"மகாராணிதான் சார். என் பல்லக்குல நாப்பது பேர் இருக்காங்க. அதுல எட்டு பேருக்கு முட்டி வலி. அவங்கள மழையில எறக்கி நடக்க விடச் சொல்ல நீங்க யாரு? இந்த ஆத்துக்கு மாப்பிள்ளையா?"

அவன் கையிலிருந்த கொடி தானாகத் தாழ்ந்தது. அவள் கண்கள்... மழையில் நனைந்த கருங்கல் ஜல்லிபோல் பளபளவென்று இருந்தன. கல் உடைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நிலாவும் மீனும் எங்கிருந்து வரும்? அவனுக்குத் தெரிந்த உவமை அதுதான்.

"நீங்க... தமிழா?"

"இல்ல. தமிழ்ல ஹாரன் அடிக்குற பஸ்ஸு. காரணத்தச் சொல்லுங்க சார்."

"ஏங்க, பஸ்ஸு மட்டும் ஒம்பது டன். பாலம் தாங்குறது பத்து. நாப்பது பேரும் உள்ள உக்காந்தா பன்னெண்டு. அப்புறம் எட்டு பேரோட முட்டிக்கும் ஆத்துக்குள்ளதான் வைத்தியம் பாக்கணும்."

அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கவா, கோபத்தை அடக்கவா... தெரியவில்லை.

"இத மொதல்லயே சொன்னா என்ன? எறங்கு எறங்குன்னா? மாட்டையா ஓட்டிட்டு வந்திருக்கேன்?"

"எனக்கு இந்தப் பாஷையில ரெண்டு வார்த்தைதான் தெரியும்."

"வந்து எத்தன மாசம்?"

"அஞ்சு."

"அஞ்சு மாசத்துக்கு ரெண்டு வார்த்தை! கிளிய விட்டிருந்தா கச்சேரியே பண்ணியிருக்கும்."

பயணிகளிடம் அவளே பேசி இறக்கினாள். குடைகள் விரிந்தன. கால் ஊனமான தையல்காரர் ஒருவர் மட்டும் படியிலேயே தயங்கினார். அவன் கொடியைத் துணைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து அவரைத் தூக்கிக்கொண்டான். பாலத்தின் நீளம் நூற்றுப் பத்தடி. பஸ் வெறும் வயிற்றோடு பின்னால் ஊர்ந்து வந்தது.

அக்கரையில் எல்லாரும் ஏறிய பிறகு, பிளாஸ்க் மூடியில் ஆவி பறக்கும் டீ ஜன்னல் வழியாக நீண்டது.

"எந்தத் தோளு?"

"என்ன?"

"வலிக்குற தோளு. அவரத் தூக்குனப்ப உங்க மூஞ்சி போன போக்கக் கண்ணாடியில பாத்தேன்."

ஐந்து மாதமாக யாரும் கேட்காத கேள்வி. அவன் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

ஒரு நாளைக்கு அவளுக்கு ஆறு நடை. நடைக்கு ஒரு வார்த்தை என்று அவனுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தாள். பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியாக ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போவாள். அடுத்த நடையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மறந்தால் டீ கிடையாது. அவள் முதலில் கற்றுக்கொடுத்தது 'நன்றி'. அதைப் பயணிகளிடம் அவன் சொன்ன அன்று, தையல்காரர் கைதட்டினார்.

"ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தூங்குவேன்."

"தூங்குறதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? ஏறுங்க. முன்சீட்டுல பைய வச்சு எடம் புடிச்சு வைக்குறேன்."

முகாமில் அவில்தார், வெளியே போகும் அவுட்பாஸில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். "மாப்ளே, பாலத்துக்குப் பத்து டன்னுன்னு போர்டு வச்சிருக்கோம். உனக்கு ஒரு போர்டு வைக்கலையேடா... பாத்து ஏத்து" என்றார்.

அந்த ஞாயிறு அவன் முதன்முதலாக ஊரைப் பார்த்தான். சந்தையில் தக்காளியை ஒருவன் பாட்டுப் பாடி விற்றான். கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்தில் தார்ப்பாய் கட்டிப் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அவன் இறக்கிவிட்டு நனைய வைத்த அதே பயணிகள், அவன் கையில் பழத்தைத் திணித்தார்கள். கடைசி ஸ்டாப் மலை உச்சியில். அங்கே இருபது நிமிடம் நிற்கும். கீழே ஆறு, ஆற்றின்மேல் தீக்குச்சிபோல் ஏதோ...

"அதுவா நம்ம பாலம்? இவ்வளவு சின்னதா?"

"அதுக்குள்ளயேதான் சார் இத்தன மாசமா குடியிருந்தீங்க" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை காலம்! அன்று வீட்டுக்குப் பேசியபோது, "நல்லா இருக்கேம்மா" என்றான். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். "இன்னைக்குத்தாண்டா நெசமா சொல்லியிருக்க" என்றாள் அம்மா.

ஒவ்வொரு ஞாயிறும் முன்சீட்டில் அந்தத் துணிப்பை அவனுக்காக இடம் பிடித்தது. அவள் ஆறு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அப்பா?

"ஒப்பந்த வேலைக்கு வேற ஊருக்குப் போனாரு. ஞாயித்துக்கெழம வந்துடுறேன்னாரு" என்று கியரை மாற்றிக்கொண்டே சொன்னாள். "பதினெட்டு வருஷமா அந்த ஞாயித்துக்கெழம வரல."

அவன் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு இருவரும் பாலத்தில் நடந்தார்கள். தெருவில் அவள் அடிக்கு அடி சேர்ந்து நடந்தவன், பாலத்தில் கால் வைத்ததும் சட்டென்று அடியை மாற்றினான். அவள் மாற்றினால் அவனும் மறுபடி மாற்றினான்.

"ஏன், என்கூடச் சேந்து நடந்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"பட்டாளத்துப் பழக்கம். நூறு பேர் ஒரே அடியா மிதிச்சா பாலம் ஊஞ்சலாட்டம் ஆட ஆரம்பிச்சுடும். அதனால பாலத்துல மட்டும் அடி மாத்தித்தான் நடக்கணும்."

"இங்க எங்க நூறு பேரு?"

அவன் காது மட்டும் சூடாயிற்று.

பத்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு விசில் அடித்தது. மேலாற்றில் வெள்ளம் ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அரைமணியில் லாரி. கிளம்புமுன் எல்லாருடைய போனையும் மூட்டை கட்டி வாங்கிக்கொண்டார்கள். பட்டாளம் எங்கே போகிறது, என்றைக்கு வரும் என்று பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது. அவன் லாரியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். நாளைக்கு ஞாயிறு. முன்சீட்டில் பை இருக்கும்...

மூன்று வாரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னொரு பாலம் போட்டார்கள். திரும்பி வந்த மறுநாள் ஞாயிறு. ஓடிப்போய் பச்சை பஸ்ஸில் ஏறினான். முன்சீட்டில் பை இருந்தது. எடுக்கக் கை நீட்டினான்.

"அது பை உக்காருற எடம்" என்றாள், சாலையைப் பார்த்தபடி. "டிக்கெட் எடுத்துட்டுப் பின்னாடி போங்க."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீங்க வராத அந்த மொத ஞாயித்துக்கெழம ஆறு நடை. ஒரு ஆளையும் அந்த சீட்டுல உக்கார விடல. தையல்காரரையே நிக்க வச்சேன். நீங்க வேற வேலைக்குப் போயிட்டீங்க. அவ்வளவுதான?"

சொல்ல அனுமதியில்லை என்று சொன்னால் போதும். ஆனால் அவனுக்கும் வீம்பு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் அவளைத்தானே நினைத்துக்கொண்டு நின்றான்? ஒரு வார்த்தை கேட்டால் என்ன? டிக்கெட் எடுத்தான். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். மலை உச்சியில் டீ வரவில்லை. கண்ணாடியில் அந்தக் கருங்கல் கண்கள் ஒரு விநாடி அவனைத் தொட்டுவிட்டு நகர்ந்தன.

அடுத்த ஞாயிறும் போனான். டிக்கெட், கடைசி சீட்டு. அதற்கடுத்த ஞாயிறும். "சண்ட போடப் போறியா, சவாரி போறியா?" என்று அவில்தார் கேட்டார். "தெரியலண்ணே. ஆனா போகாம இருக்க முடியல" என்றான்.

கடைசி ஞாயிறு வந்தது. வியாழக்கிழமை பட்டாளம் ஊர் திரும்புகிறது. பேண்டு வாசித்து வழியனுப்பப் போகிறார்கள், இது ஊருக்கே தெரிந்த செய்தி. அன்று பஸ்ஸில் சலவைக்கூடச் சீருடையில் ஓர் அம்மாள் ஏறினாள். சலவைச் சோடாவில் வெளிறிப்போன விரல்கள். யாரென்று அந்தக் கண்களே சொல்லிவிட்டன. நேராகக் கடைசி சீட்டுக்கு வந்தாள்.

"நீதானா தம்பி, பாலம்?"

"ஆமாங்கம்மா."

"அன்னைக்கு ஏன் வரல?"

"வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. சொல்லிட்டுப் போக அனுமதியில்ல. நாளைக்கே மறுபடி கூப்பிட்டாலும் சொல்லாமத்தான் போவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"எத்தன வாரமா டிக்கெட் எடுக்குற?"

"இன்னையோட அஞ்சு."

அந்த அம்மாள் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி தமிழில் சத்தம் போட்டாள். "ஏண்டி! போறவங்கள நானும் பாத்திருக்கேன். உங்கப்பன் திரும்பி வந்து டிக்கெட் எடுத்தானா? இவன் அஞ்சு எடுத்திருக்கான். நீ என்னடி இன்னும் பைக்குச் சீட்டு குடுத்துக்கிட்டு இருக்க?"

பாஷை புரியாமலேயே பயணிகள் ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார்கள்.

பாலத்தில் அன்று பலகை மாற்றும் வேலை. வண்டிகள் போகக்கூடாது, ஆட்கள் நடந்து போய் அக்கரை பஸ்ஸில் ஏற வேண்டும். எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவன் கடைசியாக இறங்கினான். பின்னாலேயே ஓட்டுநர் கதவு திறந்து மூடும் சத்தம்... தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குடையை விரித்து, பாதியை அவன் பக்கம் சாய்த்தாள். வலிக்கிற தோளின் பக்கம்.

"எங்கம்மாகிட்டச் சொன்னத என்கிட்டச் சொன்னா வாயி வெந்துடுமா?"

"நீங்க கேக்கல."

"நீங்க வந்த ஒடனே சொல்லல."

இருவரும் பாலத்தில் கால் வைத்தார்கள். பலகை டக் டக்கென்றது. பாதிப் பாலம் வந்த பிறகுதான் அவள் கவனித்தாள். அவன் அடி மாற்றவில்லை. அவள் வலது கால் வைத்தால் அவனும் வலது கால்.

"இன்னைக்குப் பட்டாளத்துப் பழக்கம் எங்க போச்சு?"

"ரெண்டு பேர் சேந்து நடந்தா பாலம் ஆடாது."

"அப்ப அன்னைக்கு ஏன் மாத்துனீங்க?"

"அன்னைக்கு ஆடுனது பாலம் இல்ல..." அவன் நின்றான். கீழே ஆறு சிவந்து ஓடியது. "எனக்கு அழகாப் பேச வராது. நான் இங்க பாரம் தூக்க வந்தேன். எங்கயும் பாரம் தூக்கத்தான் போயிருக்கேன். போன எடத்துல சிரிக்கலாம்னு காட்டுனது நீங்கதான். தக்காளிக்காரன் பாட்டு, அந்த மல, உங்க நூத்துக்கணக்கான வார்த்தை... இவ்வளவையும் குடுத்துட்டீங்க. உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. என்னக் கட்டிக்குறீங்களா? ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஊர் பூரா தண்டோரா போட்டுட்டுத்தான் என்கிட்ட வரீங்களா?"

"பாலம் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கரையும் உறுதியா இருக்கான்னு பாத்துக்கணும்."

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்தது தூறலா, வேறா... குடைக்குள் தூறல் ஏது?

"எப்ப வருவீங்க?"

"லீவு கெடைக்க நாலு மாசம் ஆகும். தேதி சொல்ல முடியாது. ஆனா வருவேன். டிக்கெட் எடுத்து ஏறுவேன்."

"டிக்கெட் வேணாம்" என்றாள் மெல்ல. "பைய நான் மடியில வச்சுக்குறேன். எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. கொடிய நீட்டிக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கே பிடிச்சுப் போச்சு. ஆனா ஒண்ணு. அந்த ஞாயித்துக்கெழமய நான் தள்ளுபடி பண்ண மாட்டேன். ஆறு நடை. ஒண்ணு கொறையாம என் பக்கத்துல உக்காந்து கழிக்கணும்."

"கழிக்குறேன்."

வியாழக்கிழமை லாரிகள் கிளம்பின. பாலத்து முனையில் பச்சை பஸ் நின்றிருந்தது; தையல்காரர் படியில் நின்று கையாட்டினார். ஹாரன் அலறியது... முதல் நாள்போலவே. அவன் அந்த ஊர் பாஷையில், அவள் கற்றுக்கொடுத்த முதல் வார்த்தையை, ஆற்றுக்கும் மலைக்கும் பஸ்ஸுக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னான்.

தோள் வலி போய்விட்டது. அவளுக்கு அவன் தர வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.